பதினாலு பேரு... ஒரே டேபிள்... ஆரணி!

'ட்ரீட்' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால், முதல் வேலையாக அவனிடமே ஒரு ட்ரீட் கேட்க வேண்டும்! பர்த்டேவா? ட்ரீட். அரியர் க்ளியரா? ட்ரீட். ப்ளேஸ்மென்ட்டில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதா? டபுள் ட்ரீட். காசுப் பிரச்னை எப்பவும் இருக்கிறதுதான். ஆனால் அதற்கு முன்னால் இடப் பிரச்னை. நாலு பேர் என்றால் எந்தக் கடையிலும் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளலாம். பதினாலு பேர் திமுதிமுவென்று நுழைந்தால், பெரும்பாலான ஹோட்டல்களில் சூப்பர்வைசர் முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே!

இந்த இடத்தில்தான் இத்தாலியன் ரெஸ்டாரன்ட்கள் ஸ்கோர் பண்ணுகின்றன. நீட்டு டேபிள், சத்தம் போட்டால் முறைக்காத சர்வர்கள், நடுவில் வைக்கிற பெரிய பீட்சா, ஆளுக்கொரு ஃபோர்க்கால் ஒரே பாஸ்தாவைக் குத்துவது... கும்பலுக்கென்றே செய்து வைத்தது மாதிரி இருக்கும். நம்ம ஊருக்கு இந்தப் பழக்கம் வந்து ரொம்ப நாளும் ஆகவில்லை. 1996-ல்தான் டோமினோஸும் பீட்சா ஹட்டும் இந்தியாவுக்குள் கால் வைத்தன. நம்ம சென்னையிலும் அதே 1996-ல் பீட்சா கார்னர் ஆரம்பித்தது. அதற்கப்புறம் வந்த காலேஜ் செட்டுகள் எல்லாம் சீஸ் நூல் இழுத்தே வளர்ந்த ஜாதி.

ஆனால் ஒரு மேட்டர் தெரியுமா? இத்தாலிக்கே போய் ஒரு பழைய பீட்சா கடையில் உட்கார்ந்தால் 'லார்ஜ்' எல்லாம் கிடையாது. ஆளுக்கு ஒரு பீட்சா. வெட்டாமல் முழுசாகக் கொண்டு வந்து வைப்பார்கள். கத்தியும் ஃபோர்க்கும் எடுத்து அவனவன் வெட்டிச் சாப்பிட வேண்டியதுதான். சாப்பாடும் வரிசை கட்டித்தான் வரும். முதலில் தொட்டுக்க ஏதாவது, அப்புறம் பாஸ்தாவோ சோறோ, அதுக்கப்புறம் கறியோ மீனோ, கடைசியில் ஸ்வீட். பெரிய தட்டில் எல்லாத்தையும் குவித்து 'பகிர்ந்து உண்' என்று நடுவில் வைக்கிற ஸ்டைல் இருக்கிறதே, அதை இந்த அளவுக்குப் பெருக்கியவர்கள் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இத்தாலியர்கள். 1880-லிருந்து 1920-களின் தொடக்கம் வரை சுமார் 40 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலும் தெற்கு இத்தாலியின் பரம ஏழைகள். ஊரில் கறி என்பது பண்டிகைக்குப் பண்டிகைதான். நியூயார்க்கில் கூலி வேலை செய்து வாரச் சம்பளம் கையில் வந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம், கறியை நிறைய வாங்கிச் சமைத்து நடுவில் வைத்து, தெருவில் போகிற சொந்தக்காரனையும் உள்ளே இழுத்து உட்கார வைத்ததுதான். ஸ்பகெட்டி மேலே கறி உருண்டை போட்டுச் சாப்பிடுகிற ஐட்டமே அப்படி அமெரிக்காவில் பிரபலமானதுதான். அந்தக் காம்பினேஷனை இத்தாலி ஹோட்டல்களில் தேடினால் லேசில் கிடைக்காது!

ஆக, நாம ஹைஃபை என்று நினைக்கிற அந்த 'பெரிய கும்பல் இத்தாலியன் டேபிள்' பசித்தவன் போட்ட டேபிள். இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் கேங்கில் இருக்கிற ஆரணிக்காரன். (பேர் வேண்டாம், வீட்டில் புத்தகம் வாங்குகிறார்கள்!)

ஆரணிக்காரனிடம் ஒரு வினோதப் பழக்கம். எந்த பில் வந்தாலும் ரூபாயில் பார்க்க மாட்டான், தறியில் பார்ப்பான். "மச்சான், இந்த பில்லு எட்டு நாள் தறிடா" என்பான். அவன் அப்பா பட்டு நெசவாளி. அவர் ஒரு நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தால் கிடைக்கிற கூலிதான் இவனுடைய கரன்ஸி. சினிமா டிக்கெட், பாப்கார்ன் சேர்த்து ஒரு நாள் தறி. ஜீன்ஸ் மூணு நாள் தறி. சென்னையில் ஒரு இத்தாலியன் ரெஸ்டாரன்ட்டில் நாங்கள் பதினாலு பேர் கும்மியடித்து முடித்தபோது, பில்லில் பத்து பர்சென்ட் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து நீட்டினார்கள். கும்பல் பெரிசாம், அதனால் கட்டாயமாம். நம்மாள் அதையும் தறியில் கணக்குப் போட்டுவிட்டு அமைதியாகிவிட்டான். அந்த அமைதி கொஞ்சம் உறுத்தியது.

(தகவலுக்கு: இந்த சர்வீஸ் சார்ஜை தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது. ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போக, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்று சொல்லிவிட்டது. ஜிஎஸ்டி வேறு, இது வேறு. அடுத்த தடவை தைரியமாக 'எடுத்துடுங்க சார்' என்று கேளுங்கள்.)

அவனுக்கு வேலை கிடைத்தபோது நாங்கள் ட்ரீட் கேட்டோம். "எல்லாரும் ஆரணிக்கு வாங்கடா" என்றான். கிளம்பிவிட்டோம்.

ஆறும் அரிசியும்

வேலூரிலிருந்து ஆரணி சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் ஜாலி. சென்னையிலிருந்து நேராக வருவதென்றால் காஞ்சிபுரம், செய்யாறு வழியாக 140 கிலோமீட்டர் சொச்சம். ரயிலில் வருகிற வீரர்கள் கவனிக்க: காட்பாடி-விழுப்புரம் லைனில் 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. இறங்கிப் பார்த்தால் ஊர் களம்பூர். ஆரணிக்கு அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்கணும். இறங்கினதுதான் இறங்கினோம் என்று களம்பூரில் கொஞ்சம் அரிசி மில் வாசனையை இழுத்துக்கொள்ளலாம். களம்பூர், ஆரணி என்று இந்தப் பக்கத்து பொன்னி அரிசிக்குத் தமிழ்நாடு பூரா மார்க்கெட். உங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸின் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஆரணி பேர் இருந்தாலும் இருக்கும்.

ஊர் ஓரமாகக் கமண்டல நாகநதி. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் 'நதி' என்பது மரியாதைக்குத்தான். ஆற்றை அணியாகப் போட்டுக்கொண்ட ஊர், அதனால் ஆரணி என்று ஊர்ப் பெரியவர்கள் பேர்க்காரணம் சொல்கிறார்கள். ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு ஒரு கொசுறு: 1751-ல் ஆற்காட்டு முற்றுகையைச் சமாளித்துவிட்டு வெளியே வந்த ராபர்ட் கிளைவ், அந்த டிசம்பரில் இங்கேதான் சந்தா சாகிப் தரப்புப் படையோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் மோதி ஜெயித்தார். பக்கத்துப் பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார் காலத்து மாளிகை ஒன்று இடிந்தும் இடியாமலும் நிற்கிறது. வெள்ளைக்காரக் காதலிக்காக ஜமீன் கட்டியது என்று ஊரில் ஒரு ரொமான்ஸ் ஓடுகிறது. போட்டோ எடுக்கலாம், சுவர் மேலே மட்டும் ஏறிவிடாதீர்கள். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கும் இங்கிருந்துதான் வண்டி கட்டுகிறார்கள்.

இதெல்லாம் சைடு டிஷ். மெயின் டிஷ் தெருவுக்குள் இருக்கிறது.

டக்... டக்... டடக்!

நெசவுத் தெருவில் நுழைந்தால் முதலில் காதுக்குத்தான் வேலை. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை விரித்துப் பாவு போடுவதைப் பார்க்கலாம். ரெண்டு பக்கமும் ஆட்கள் நின்று ஆயிரக்கணக்கான இழைகளை ஒண்ணோடு ஒண்ணு சிக்காமல் நீவி விடுகிறார்கள். நடுவில் நம்ம பைக்கோடு போக முடியாது. தெருவே அப்போது ஒரு மெஷின்!

ஆரணிக்காரன் வீடு ரெண்டு அறை. முன் அறையை முழுசாகத் தறி எடுத்துக்கொண்டது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து அப்பா மிதிக்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்குகின்றன. ஓட்டை இருக்கிற இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. அவ்வளவுதான், மயில் வந்துவிடுகிறது! எங்கள் செட்டில் இருந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் பார்ட்டிகள் வாயைப் பிளந்தார்கள். 1804-ல் ஃபிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு அறிமுகப்படுத்திய ஐடியா இது. பின்னாளில் கம்ப்யூட்டரின் பஞ்ச் கார்டுகளுக்கே இதுதான் தாத்தா. "ஒண்ணு, சைபர்... அவ்ளோதான்பா. இதைப் படிக்கத்தான் நாலு வருசம் ஃபீஸ் கட்டினியா?" என்று அப்பா மகனைக் கலாய்த்ததில் வீடே அதிர்ந்தது.

அந்த லியோனுக்குப் பட்டு நெசவு எங்கிருந்து போனது தெரியுமா? இத்தாலியிலிருந்து! 1536-ல் பிரெஞ்சு ராஜா முதலாம் பிரான்சிஸ், ரெண்டு இத்தாலிய வியாபாரிகளுக்கு அனுமதி கொடுத்து அங்கே பட்டுத் தறிகளை நிறுவ வைத்தார். ஆக, இத்தாலி டு லியோன், லியோன் டு ஆரணி. பீட்சாவுக்கு நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே கிளம்பிய ரூட் இது. கச்சாப் பட்டு கர்நாடகப் பக்கமிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. டிசைனைப் பொறுத்து ஒரு சேலை ஒரு வாரத்திலும் முடியலாம், இருபது நாளும் இழுக்கலாம். உடம்பு வேற கலர், பார்டர் வேற கலர் என்று கோர்வை போட்டால் பக்கத்தில் நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொரு ஆள் வேணும். நம்ம ஆரணிக்காரன் பத்தாவது படிக்கிற வரைக்கும் அந்த இன்னொரு ஆள் அவன்தான். இப்போது அம்மா. அவன் சென்னைக்கு வேலைக்குப் போனாலும் திரும்பி வந்து குழியில் உட்காரப் போவதில்லை. அது அவருக்கும் தெரியும். "இவன் உக்காரக் கூடாதுன்னுதான் நான் உக்காந்தேன்" என்றார், ஏதோ மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

களியும் பொலெந்தாவும்

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு வீட்டில். பதினாலு பேருக்கு என்ன செய்வாங்க பாவம் என்று நாங்கள் தயங்க, அம்மா அசரவே இல்லை. "கும்பலுக்கு களி மாதிரி வசதி உண்டா கண்ணு?" என்று அண்டாவில் கேழ்வரகு மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்ட ஆரம்பித்தார். கருவாட்டுக் குழம்பு ஒரு சட்டி, சைவத்துக்குக் கீரைக் கடைசல் ஒரு சட்டி. மொட்டை மாடியில் பாய்.

இங்கே மறுபடியும் இத்தாலி குறுக்கே வருகிறது, மன்னிக்கவும்! வட இத்தாலியின் லொம்பார்டியில் கோமோ என்று ஓர் ஏரி நகரம். பட்டுக்கு உலகப் புகழ். 15-ம் நூற்றாண்டின் கடைசியில் மிலானை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்சா அந்தப் பக்கம் மல்பெரி வளர்ப்பை ஊக்குவித்தார். அவருக்கு 'மோரோ' என்ற பட்டப்பேர் வந்ததே மல்பெரி மரத்தின் பேரால்தான் என்றும் சொல்வதுண்டு. பிற்காலத்தில் அங்கே விவசாயி வீடுகளில் பட்டுப்புழு வளர்த்தார்கள். முட்டை பொரிய சூடு வேண்டும் என்று பெண்கள் அதைத் துணியில் முடிந்து தங்கள் மார்புச் சூட்டிலேயே வைத்துக் காத்தார்கள். அப்படிப் பட்டு வளர்த்த வீட்டில் என்ன சாப்பாடு? பொலெந்தா. மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கொட்டிக் கிண்டி எடுக்கிற களி. அச்சு அசல் நம்ம களி, கலர் மட்டும் மஞ்சள்! பட்டு ராஜா வீட்டுக்கு, களி நெசவாளி வீட்டுக்கு. அங்கேயும் அதேதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். மூணு வேளையும் மக்காச்சோளம் மட்டுமே தின்ற அந்த மக்களை 18, 19-ம் நூற்றாண்டுகளில் பெல்லாக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் உரியும், பேதி ஆகும், முற்றினால் புத்தி பேதலிக்கும். காரணம் நயாசின் என்ற பி-3 வைட்டமின் பற்றாக்குறை. மக்காச்சோளம் பிறந்த மெக்சிகோ பக்கத்தில் அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து அரைப்பார்கள், அதனால் சத்து உடம்பில் சேரும். இத்தாலிக்குத் தானியம் மட்டும் வந்தது, பக்குவம் வரவில்லை. நம்ம கேழ்வரகும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளிதான். ஆனால் கூடவே கருவாடு, கீரை என்று நாம கூட்டணி சரியாகப் போட்டுக்கொண்டோம்.

மத்திய இத்தாலியில் இன்னொரு கலாட்டா உண்டு. பொலெந்தாவைத் தட்டில் போட மாட்டார்கள். டேபிள் நடுவில் பெரிய மரப்பலகை. 'ஸ்பியனத்தோரா' என்று பேர். அதில் களியை அப்படியே ஊற்றிப் பரப்பி, மேலே குழம்பு, நட்டநடுவில் கறித்துண்டுகள். சுற்றி உட்கார்ந்தவர்கள் தங்கள் ஓரத்திலிருந்து சாப்பிட்டபடி நடுவை நோக்கி முன்னேற வேண்டும். வேகமாகத் தின்பவனுக்குக் கறி! இதைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் ஏகப்பட்ட உற்சாகம். ஒரு பெரிய தாம்பாளத்தைக் கழுவி, நாலு உருண்டை களியை அமுக்கிப் பரப்பி, நடுவில் குழம்பை ஊற்றி... ஏழு பேர் பாய்ந்தோம். மீதி ஏழு பேர் பாயவில்லை.

இதைப் பற்றிக் கொஞ்சம் நேராகவே பேசிவிடலாம். நமக்கு 'எச்சில்' என்று ஒன்று இருக்கிறது. சுத்தம் பற்றிய பழக்கம் என்று சொல்லிக்கொண்டாலும், அதன் அடியில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்கிற பழைய கணக்கும் இருக்கிறது. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதால் தமிழ்நாட்டு அரசியலே திசை மாறியது. சாப்பிட்டவர்கள் ஸ்டூடன்ட்ஸ்! 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் போர்டிலிருந்த 'பிராமணாள்' என்ற வார்த்தையை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். கிராமத்து டீக்கடைகளில் ரெட்டை டம்ளர் சமாசாரம் அதற்கப்புறமும் ரொம்ப காலம் ஓடியது. சுதந்திர தினத்தன்று கோயில்களில் சமபந்தி விருந்து என்று அரசாங்கமே ஏற்பாடு பண்ண வேண்டியிருக்கிறது என்றால் பாருங்களேன். இன்னொரு பக்கம் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் கல்யாணங்களில் 'சஹன்' என்கிற பெரிய தட்டைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து ஒண்ணாகக் கை போடுகிறார்கள். சின்ன வயசிலிருந்து பழகியதால் அவர்களுக்கு அது அவ்வளவு சாதாரணம்.

காலேஜ்தான் நம்மில் பலருக்கு அடுத்தவன் டிபன் பாக்ஸில் கை வைத்த முதல் இடம். ஃபர்ஸ்ட் இயரில் 'உங்க வீட்ல நான்வெஜ் உண்டா?' என்று சுற்றி வளைத்து ஒரு கேள்வி வரும். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை என்று கேட்டவனுக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். அன்றைக்கு மொட்டை மாடியில் பாயாத ஏழு பேரில் ரெண்டு பேருக்குக் கருவாட்டு வாசனை ஆகாது, ஒருத்திக்குச் சளி. மீதிப் பேரிடம் நான் காரணம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் தன் தட்டோடு எழுந்து வந்து தாம்பாளத்தில் அவனுடைய களியையும் போட்டுவிட்டு உட்கார்ந்தான். யாரும் ஒண்ணும் சொல்லவில்லை. குழம்பை மட்டும் அவன் பக்கம் தள்ளினோம்.

ஞாயிற்றுக்கிழமை தம்

மறுநாள்தான் ஒரிஜினல் ட்ரீட். ஆரணி பிரியாணி! ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வேலூர், ஆரணி... இதுதான் நம்ம பிரியாணி பெல்ட். ஆற்காட்டு நவாப் காலத்துச் சமையலறை வாசனை இன்னும் போகாத ஏரியா. இங்கே பாஸ்மதிக்கு வேலை கம்மி. சீரகச் சம்பா! சீரகம் மாதிரிக் குட்டி அரிசி, வேகும்போதே தெரு முனை வரை வாசம் தூக்கும். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, தயிர், இஞ்சி பூண்டு, தக்காளி போட்டுக் கறியை முக்கால் பதம் வேக வைத்து, அரிசியைத் தனியாக அரைவேக்காட்டில் வடித்துக் கொட்டி, மூடி மேலே தணலை அள்ளிப் போட்டு தம். மசாலா அடி வாங்காது, கறியின் ருசி முன்னால் நிற்கும். தொட்டுக்கக் கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும். கத்தரிக்காய் இல்லாத இடத்தில் பிரியாணி சாப்பிட்டதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன் என்பது என் தாழ்மையான கருத்து.

இத்தாலிக்கும் ஒரு பெருமைமிகு அரிசிச் சோறு உண்டு, ரிசோட்டோ. அர்போரியோ, கார்னரோலி என்று குண்டு அரிசியை வெண்ணெயில் வதக்கி, சூடான சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றி ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மாவு கரைந்து க்ரீம் மாதிரி வரும். தட்டில் போட்டதும் சாப்பிட வேண்டும், பத்து நிமிஷம் விட்டால் கெட்டிப் பசை. அருமையான சமாசாரம்தான், ஆனால் பதினாலு பேருக்குச் சரிப்படாது. பிரியாணி நேர் எதிர். கிளறவே கூடாது, கிளறினால் சம்பா உடையும். தம் போட்டுவிட்டு மாஸ்டர் கை கட்டி நிற்கலாம். கூட்டம் பெரிசாக ஆக, சட்டி பெரிசாகும், ருசியும் கூடும். அரைக் கிலோ அரிசிக்குப் போடுகிற பிரியாணி ஒரு நாளும் பத்துக் கிலோ பிரியாணியின் பக்கத்தில் வராது. கும்பலுக்கென்றே பிறந்த சாப்பாடு என்று ஒண்ணு உலகத்தில் உண்டென்றால் எனக்கு அது இதுதான். பீட்சா ரெண்டாவது.

ஒரு சீரியஸ் விஷயத்தையும் சொல்லித்தான் ஆகணும். 2021 செப்டம்பரில் இதே ஆரணியில் ஒரு ஹோட்டலில் அசைவம் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதானது, பத்து வயசுச் சிறுமி ஒருத்தி இறந்தே போனாள். ஊர்க்காரர்கள் இன்னும் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். மொத்தமாகச் சமைக்கிற இடத்தில் ருசி எப்படிக் கூடுகிறதோ, அப்படியே ஆபத்தும் கூடும். சமைத்த கறி 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்கணும், இல்லை 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்கணும். நடுவில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி குடும்பம் நடத்தும். அதனால் கும்பலாகப் போகிறவர்கள் ஒரு வேலை பண்ணுங்கள். முன்னாலேயே ஆள் கணக்குச் சொல்லிவிட்டு, தம் உடைக்கிற நேரம் கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். சட்டி திறக்கும்போது ஆவி அடிக்கணும். தட்டில் வந்தது வெதுவெது என்றால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். கடையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. மீந்ததை பார்சல் கட்டி ராத்திரி பஸ்ஸில் அஞ்சு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு போவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மதியம் ஒரு மணி. மூணு டேபிளை இழுத்து ஒண்ணாகப் போட்டார் சர்வர் அண்ணன், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. வாழையிலை. "தம்பி, எத்தினி பேரு? கிலோ கணக்குல வாங்கிக்கோங்க, தனித்தனி பிளேட்டுன்னா தண்டமா போவும்" என்று அவரே வழி சொன்னார். (பட்ஜெட் பத்மநாபன்களுக்கு: குஸ்கா என்பது பீஸ் இல்லாத பிரியாணிதான், சைவம் அல்ல. குஸ்காவுக்குள் பீஸ் தேடும் கலை தனி!) தட்டு நடுவில் வந்ததும் ஆளாளுக்கு அள்ளி அடுத்தவன் இலையில் போட ஆரம்பித்தோம். எலும்பு ஒருத்தனுக்கு, ஈரல் ஒருத்தனுக்கு, கத்தரிக்காய் எனக்கு. அந்தச் சத்தத்துக்கு எந்த இத்தாலியன் ரெஸ்டாரன்ட்டும் ஈடு கொடுக்காது.

அப்பாவையும் இழுத்து வந்திருந்தான் நம்மாள். மடித்துக் கட்டிய வேட்டியோடு வாசலிலேயே நின்று, "நீங்க சாப்டுங்கப்பா, வயசுப் பசங்க நடுவுல நான் எதுக்கு" என்றவரை ரெண்டு பேர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து நடுச் சேரில் உட்கார வைத்தோம். அவர் சின்ன வயசில் பிரியாணி என்றால் யார் வீட்டிலாவது ரம்ஜானோ கல்யாணமோ வரணுமாம். கூலி வாங்குகிற அன்றைக்கு அவங்க அப்பா பொட்டலம் ஒண்ணு வாங்கி வந்தால் ஆறு பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து, பெரிய அக்கா உருட்டிக் கையில் வைக்குமாம். "பீஸு ஒண்ணு இருக்கும். அது எப்பவும் கடைசிப் பையனுக்கு. நான் நாலாவது!" என்று சிரித்தார். எங்கள் கேங்கில் கடைசி பெஞ்ச் ஆசாமி ஒருத்தன் சட்டென்று தன் இலையிலிருந்த பெரிய பீஸை எடுத்து அவர் இலையில் வைத்தான். எச்சில்கை. அவர் ஒரு செகண்ட் பார்த்தார். எடுத்துச் சாப்பிட்டார்.

பில் வந்தது. வழக்கம்போல அவரவர் செல்போன் எடுத்தோம். ஆரணிக்காரன் தட்டிவிட்டான். "இன்னைக்கு ஒருத்தனும் ஜிபேயைத் திறக்கக் கூடாது." அட்வான்ஸாக வந்த ஸ்டைபண்டில் கொடுத்தான். 'எத்தனை நாள் தறிடா?' என்று எவனோ ஒரு வாயாடி கேட்டுவிட்டான். அவன் அப்பா பக்கம் திரும்பாமல், "தறியில இல்ல மச்சி, இனிமே ரூபாய்லயே சொல்லு" என்றான். அப்பா பில்லை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துப் பார்த்தார். மனசுக்குள் தறியில்தான் கணக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஒண்ணும் சொல்லாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கை கழுவுகிற இடத்தில் எங்கள் ஆட்கள் பேருக்கு விரலை நனைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அப்பா மட்டும் நகரவில்லை. சோப்புப் போட்டு ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை, மூணாவது தடவை நகக்கண்ணை எல்லாம் தேய்த்துக்கொண்டு நின்றார். கேட்டதற்கு, "நெய்க்கை பட்டா பட்டு காட்டிக் குடுத்துடும்பா. ஒரு சொட்டுக் கறைக்கு முதலாளி முழுச் சேலைக் கூலில கை வெப்பான்" என்றார். கையை முகர்ந்து பார்த்தார். திருப்தி இல்லாமல் திரும்பவும் குழாயைத் திறந்தார். மூணு மணிக்குத் தறியில் உட்காரணுமாம்.